பாப்பாவின் கம்பெனிக்கு நான் சமாதானம் பேசப் போனது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா என்று விசாரிப்பதைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் என் மானம் போன இடத்தைச் சொல்லி முடித்தால்தான் மற்றவர்கள் நலத்தில் எனக்குப் புத்தி போகும்.

நீ போனில் சொன்னபடியே பாப்பா வேலை பார்த்த வாளி கம்பெனிக்கு நேரில் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு பை ஆப்பிள். வாசலில் காவல்காரர் ஒரு நோட்டை நீட்டி எழுதச் சொன்னார். பெயர் எழுதினேன். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் முதலாளி என்று எழுதினேன். அடுத்த கட்டம், வந்த காரணம். உள்ளதைத்தானே எழுத வேண்டும்? கொட்டை கொட்டையாக, 'பெண் விஷயமாக' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், ஆப்பிள் பையை வாங்கி அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "பெரியவரே, இது வாளி செய்யிற இடம்" என்றார். நான் பதறிப்போய், பெண் என்றால் என் சொந்தப் பெண் என்றேன். உங்கள் பெண் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, வீட்டில் இருக்கிறாள் என்றேன். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு இங்கே என்ன விஷயம் என்றார். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன் என்றேன். இப்படியே எங்கள் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "அட, கம்ப்யூட்டர் மேடத்தோட அப்பாவா?" என்று எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். திறந்துகொண்டே, வருகைப் பதிவு மெஷின் தன் கட்டைவிரலை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது, மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். அக்கா, அந்த முதல் தலையாட்டலைக் குறித்து வைத்துக்கொள். மீதிக் கதை முழுக்க அதுதான் வரப்போகிறது.

பாப்பா வேலையை விட்டதற்கு நான் காரணம் இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ போனில் கேட்ட தொனி அப்படி இருந்தது. அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவள்தான் தலைவி. தனி அறை, சுற்றுகிற நாற்காலி, கீழே ஆட்கள், காலையில் தெருமுனைக்கு வந்து நிற்கிற வேன், எல்லாம் இருந்தது. அங்கே கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஓட்டுகிற பெரிய மெஷின் ஒன்று இருக்கிறதாம். அதை வைத்திருக்கிற அறைக்கு நேர் மேலே, மாடியில், எல்லாரும் கைகழுவுகிற இடம். என்றைக்காவது குழாய் உடைந்தால் கம்பெனியே கரைந்து போகும், மெஷினை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று இவள் வருஷக்கணக்காகக் கத்தியிருக்கிறாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் வெளியிலிருந்து ஒருவரை ஆலோசனை சொல்லக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் டை கட்டிய மனிதர். அவர் இவளிடமே வந்து, மேடம் இங்கே என்னென்ன குறை என்று கேட்டு, இவள் கொடுத்த காப்பியையும் குடித்து, மறுநாள் கூட்டத்தில் போய், மெஷினுக்கு மேலே தண்ணீர் இருக்கிறது, ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். முதலாளி கை தட்டினாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். பாப்பாவும் தட்டினாளாம், பழக்க தோஷத்தில்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "உள்ள இருந்து சொன்னா யார் காதுலயும் விழலப்பா. வெளிய போய்ச் சொல்லப் போறேன்" என்றாள். நான் ஏதோ வெயில் களைப்பு என்று நினைத்தேன். மாதக் கடைசியில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அதில் ஒரு காப்பிக் குவளை, ஒரு சின்னத் தொட்டிச் செடி, முதுகுக்கு வைக்கிற திண்டு, எதற்கு என்றே தெரியாத ஒயர்கள். இனிமேல் அவள் கன்சல்டன்ட். அதாவது அக்கா, எனக்குப் புரிந்தவரை, இத்தனை நாள் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இவள் பொறுப்பு. இனி எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் இவள் பொறுப்பில்லை, ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் போய் இதை இங்கே வை, அதை அங்கே வை என்று சொல்வாள். செய்ய மாட்டாள், சொல்வாள். இதை நான் உன் தம்பி மனைவிக்கு விளக்கினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "செய்யாம சொல்றதுக்குச் சம்பளம் வேற உண்டா? நம்ம வீட்ல ஒருத்தர் இத்தனை வருஷம் சும்மாவேல்ல சொல்லிட்டிருக்கார்" என்றாள். நான் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து நிற்பது என்றால் நம் மனசு எங்கே போகும்? எதிர்வீட்டு அம்மா வேறு தினமும் காலையில் வேன் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார், "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லுங்க" என்பார். பாப்பா முன்னறையை ஆபீஸ் ஆக்கிவிட்டதால் நான் பேப்பர் படிக்கச் சமையலறைக்குப் போனேன், சமையலறையில் இடைஞ்சல் என்று வாசல்படிக்கு வந்தேன், வாசல்படியில் எதிர்வீட்டு அம்மா. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீயும், உன் மகள் ஒரு தடவை கோபித்துக்கொண்டு வந்தபோது நீயே சம்பந்தி வீட்டுக்குப் போய்ப் பேசி நாலே நாளில் சரிசெய்ததைச் சொல்லி, "நேர்ல போய் உக்காந்து பேசுடா, தீராதது என்ன இருக்கு" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ சொன்னது சம்பந்தி வீட்டுக்குச் சரி. வாளி கம்பெனிக்குத்தான் பொருந்தவில்லை.

முதலாளி தங்கமான மனிதர். தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஆப்பிளை வாங்கி மேசைமேல் வைத்தார். உங்கள் பெண் போனதிலிருந்து எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன். என்ன இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்றார். தலையாட்டினேன். வேண்டுமானால் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே, நமக்குள் ஒப்பந்தம், கையெழுத்து, வாரத்தில் இத்தனை நேரம்தான் என்றெல்லாம் எதற்கு என்றார். அதற்கும் ஆட்டினேன். அக்கா, உனக்குத் தெரியாதா, நான் வாழ்நாள் முழுக்க ஜவுளிக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்றவன். இந்தக் கலர் மங்கலாக இருக்கிறதே என்றால் ஆட்டுவேன், இல்லை பளிச்சென்று இருக்கிறதே என்றாலும் ஆட்டுவேன். என் தலை என் சொல் கேட்பதில்லை, எதிரில் இருப்பவர் சொல்தான் கேட்கும். தலை ஆடியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து கும்பிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எந்நேரமானாலும் வந்து நிப்பா. நான் அனுப்பி வைக்கிறேன்" என்று வாயாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெளியே வரும்போது எனக்கு அவ்வளவு பெருமை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, "எல்லாம் பேசி முடிச்சிட்டேன், பாப்பா. அவங்களுக்கு உன்மேல கோபமே இல்ல" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவே ரொம்ப நேரம் ஆனது. என்ன பேசினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. விஷயம் என்னவென்றால் அக்கா, அந்தக் கம்பெனியே அவளை ஆலோசகராக எடுத்துக்கொள்வது பற்றி அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் அவளுக்கு முதல் வாடிக்கை. பழைய இடத்திலேயே இவளை மதித்துக் கூப்பிட்டார்கள் என்றால்தான் மற்ற இடத்தில் கதவு திறக்கும். கூப்பிட்டால் ஓடி வருகிறவள் என்று பெயர் வந்துவிட்டால் அதோடு சரி. வாரத்தில் இரண்டு காலை வருவேன், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வேன், செய்வது உங்கள் ஆட்கள், வீட்டுக்குப் போன் கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். வீட்டுக்குப் போன் கூடாது என்றதற்கும் காரணம் இருக்கிறது. வேலையில் இருந்தபோது அவள் குளிக்கப் போனாலும் போன், சாப்பிட உட்கார்ந்தாலும் போன். ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துவைத்தபடியே, ஆ, ஊ என்று சொல்லிச் சொல்லி யாருடைய பிரிண்டரையோ ஓட வைத்தாள். நான் அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு அது பெருமை இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் என்ன மாமியார் வீட்ல சண்டை போட்டுட்டா வந்திருக்கேன்? வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்ப்பா" என்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். காலையில்தான் ஊற்றியிருந்தாள், தட்டு நிறைந்து மேசையெல்லாம் வழிந்தது. உன் தம்பி மனைவி ஒரு துணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். துடைத்தேன்.

அதற்குள் கம்பெனியிலிருந்து செய்தி வந்துவிட்டது. நாளை மறுநாள் வா, அப்பாவையும் கூட்டி வா, அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று. நான் போய் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். பாப்பா வேண்டாம் என்றாள். நான் எதைச் சொல்லப் போனாலும் அது வேறு எங்காவது போய் முடியும் என்றாள். கூட வந்தால் போதும், வாயைத் திறக்கக் கூடாது, அதைவிட முக்கியம் தலையை ஆட்டக் கூடாது. "அவர் என்ன சொன்னாலும் ஆட்டாதீங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். வாயைக் கட்டுவது சுலபம். தலையை எப்படிக் கட்டுவது? உடனே ஒத்திகை பார்த்தோம். சாப்பாட்டு மேசையில் அவள் முதலாளி மாதிரி எதிரில் உட்கார்ந்து, இன்றைக்கு வெயில் அதிகம் என்றாள். ஆட்டினேன். நீங்கள் ஆட்டிவிட்டீர்கள் என்றாள். அதற்கும் ஆட்டினேன். கடைசியில் உன் தம்பி மனைவி குளியலறைக்குப் போய், அந்தக் கம்பெனியே செய்த பிளாஸ்டிக் குவளையில் பாதித் தண்ணீர் பிடித்து வந்து என் தலைமேல் வைத்தாள். ஆடினால் நனைவேன். முதல் நாள் ராத்திரிக்குள் சட்டையை மாற்றி மாற்றி மடித்துவைத்த சட்டை எல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஆட்டம் குறைந்து, சாயங்காலத்துக்குமேல் குவளையோடு பேப்பரே படிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அதிலிருந்து விட்டுக்கொடுப்பது பற்றிப் பேசுவதில்லை.

மறுநாள் போனோம். காவல்காரர் நோட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற கட்டத்தைப் பாப்பாவே நிரப்பினாள். முதலாளி அறையில் எனக்கும் ஒரு சுற்றுகிற நாற்காலி. நான் அன்றைக்கு உட்கார்ந்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. நிமிர்ந்து, நேராக, ஒரு அசைவு இல்லாமல். யாரையாவது பார்க்க வேண்டுமென்றாலும் கழுத்தை மட்டும் திருப்புகிற சில்லறைத்தனம் கிடையாது, நாற்காலியோடு முழு உடம்பாகத் திரும்பினேன். அதில் தானாகவே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. முதலாளி இரண்டு தடவை மூக்கை உறிஞ்சி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தார். அப்பாவே சொல்லிவிட்டார், எந்நேரமும் வருவாள் என்று, இல்லையா சார் என்று என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. கொஞ்சம் தடுமாறி, எந்நேரமும் என்றால் எந்நேரமும் இல்லை, ராத்திரியில் கூப்பிட மாட்டோம் என்றார். நான் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட மாட்டோம் என்றார். அசையவில்லை. இப்படி அவர் சொல்ல, நான் சும்மா இருக்க, அவரே ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கி, பாப்பா எழுதி அனுப்பிய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ஜவுளிக்கடையில் இந்த வித்தை தெரிந்திருந்தால் நான் அந்தக் கடையையே வாங்கியிருப்பேன்.

அப்போதுதான் அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். குரலைத் தாழ்த்தி, பாப்பாவை விட்டுவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். "சார், இந்தப் பொண்ணு உள்ள இருந்த வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்கினேன். அவ நாற்காலியில இன்னும் யாரையும் உக்கார விடல. திரும்பி வந்துடச் சொல்லுங்க. நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்."

நான் அசையவில்லை.

பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, கைகழுவுகிற இடத்துக்குக் கீழே இருக்கிற மெஷினை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். டை கட்டியவர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுமா என்றாள். பார்க்கலாம் என்று இருந்தோம் என்றார். "உள்ள இருந்து சொன்னேன், கேக்கல. வெளியாள் சொன்னார், கை தட்டினீங்க, செய்யல. இப்ப நான் வெளியாள் சார். ஒவ்வொரு வாரமும் வந்து, செஞ்சாச்சான்னு கேப்பேன்" என்றாள். அவர் மேலே கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்கப்பா மலை மாதிரி உக்காந்திருக்கார்ம்மா" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆப்பிள் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். அதற்கும் நான் ஆட்டவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். "நீங்க ஆட்டிடுவீங்கன்னுதான்ப்பா நெனச்சேன். அந்தத் தூக்கம்னு சொன்னாரே, அப்பவே எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். நீங்க அசையவே இல்ல" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆண்பிள்ளைக்குச் சில நேரம் அப்படி ஒரு உறுதி வேண்டும். வீட்டில் அவள் இந்தக் கதையை அம்மாவிடம் நடித்தே காட்டினாள். அடுத்த வாரம் ஒரு பெட்டி செய்கிற கம்பெனிக்குப் பேசப் போகிறாளாம், அதற்கும் நான் வர வேண்டுமாம். சும்மா உட்கார்ந்தால் போதுமாம். ஆக அக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு மாதிரி கன்சல்டன்ட் ஆகிவிட்டேன். பாப்பாவாவது சொல்கிறாள், நான் சொல்வதுகூட இல்லை.

ஆகையால் நான் உனக்குச் சொல்ல வருவது, இனிமேல் யார் வீட்டுப் பெண் வேலையை விட்டு வந்தாலும் நேரில் போய்ப் பேசு என்று சொல்லாதே. அப்படியே சொன்னாலும், என்னைப் போல மன உறுதி உள்ளவர்களாகப் பார்த்து அனுப்பு. அத்தானுக்கு என் வணக்கம், அவர் மூட்டுவலி தேவலையா? பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அசையாத உன் தம்பி

பின்குறிப்பு: உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் குவளையைச் சுமந்ததில், கம்பெனிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை, பக்கவாட்டிலும் போகவில்லை. உன் தம்பி மனைவிதான் அரை டப்பா வலித் தைலத்தைத் தேய்த்துச் சட்டைக் காலரை உயர்த்தி விட்டு அனுப்பினாள். முதலாளி ஜன்னலைத் திறக்கச் சொன்னது அதனால்தான். பாப்பாவுக்கு ஜலதோஷம், வாசனை தெரியவில்லை. இப்போது சுளுக்கு முழுக்க விட்டுவிட்டது, அதுதான் கவலை. பெட்டி கம்பெனியை நினைத்துத் திரும்பவும் குவளையை எடுத்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதமே அப்படித்தான் எழுதுகிறேன், எழுத்து அங்கங்கே கரைந்திருந்தால் பொறுத்துக்கொள். இதில் உன் தம்பி மனைவிக்குக்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவர் சொன்னாரே, அந்த நேரம் நான் தலையாட்டத்தான் பார்த்தேன், அக்கா. முழு மூச்சோடு பார்த்தேன். கழுத்துதான் பாப்பா பக்கம் நின்றது.